கூரை வேலை
கோயம்புத்தூர் வேலையை உதறிவிட்டு, இனி எளிமையாக வாழலாம் என்று பரணீதரன் இத்தாலிய மலைக்கிராமம் ஒன்றில் இடிந்த கல்வீட்டை வாங்கினான். மனைவி வசுமதியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவன் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். அவள் ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தாள்.

“குழாய் போட ஆளக் கூப்பிடலாங்க. தோள்பட்டை கழண்டு போகுது.”

“குழாய் வேணும்னா அங்கயே இருந்திருக்கலாமே. பழகிக்க, வசு.”

வாளியை வைத்துவிட்டு வசுமதி ஏணியைப் பிடித்து இழுத்தாள். அது புல்லில் விழுந்தது.

“ஏய், நான் எப்படி எறங்கறது?”

அவள் ஏணியை வீட்டைவிட்டு அப்பால் நகர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. வந்த நாள்முதல் இவர்களிடம் முகங்கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஏணியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு, எங்கே என்பதுபோல் வசுமதியைப் பார்த்தாள்.