பெயர் வேண்டாம்

"யாருங்க என்மேல எழுதிப்போட்டது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

அதைச் சொல்லக்கூடாது என்றார் நகராட்சி சுகாதார ஆய்வாளர் மோகன்ராஜ். இணையதளத்தில் வந்த புகார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். ஒரு செல்போன் எண் மட்டும் இருந்தது.

புகார் பொய்யில்லை. நல்லூரின் அந்தச் சந்தில், சென்னியப்பன் வீட்டு வாசலில் பனியன் துணி வேஸ்ட் மூட்டைகள் சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடந்தன. போன வருஷம் அவர் மூடிய தையல் யூனிட்டின் மிச்சம். அபராதம் போட வேண்டியதுதான்.

ஆனால் மனுஷன் ஒண்டி. மனைவி போய்ச் சேர்ந்தாகிவிட்டது. மகன் பெங்களூரில். அவன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் கூடத்தில் துண்டு போர்த்தியிருந்தது.

மோகன்ராஜின் கோபம் தெருக்காரர்கள்மேல் திரும்பியது. வெளியே வந்து, வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களிடம் குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"செவுத்துக்குச் செவுரு ஒட்டிக் குடியிருக்கறீங்க. கதவத் தட்டிச் சொல்றத உட்டுப்போட்டு, கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கறது நல்லா இருக்குதுங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதிர்வீட்டு மருதாள்தான் வாயைத் திறந்தாள்.

"நாங்க யாரும் போடலீங்க. நாங்க பாட்டுக்குச் சுத்திக்கிட்டுப் போயிக்குவோம். அவருகிட்டப் பேசியே ரொம்ப நாளாச்சு."

சொன்ன பிறகுதான், சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது போலிருந்தது.

யாரோ போன் போட, பக்கத்து நிட்டிங் கம்பெனி மினி ஆட்டோ வந்தது. ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கினார்கள். ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று மருதாள் சென்னியப்பனைத் திட்டிக்கொண்டே சாக்கடையைத் தள்ளிவிட்டாள். பிறகு அவர் வீட்டுக்குள்ளேயே போய், சர்க்கரை டப்பாவைத் தேடிப் பிடித்து, எல்லோருக்கும் டீ போட்டாள். மோகன்ராஜ் அபராதச் சீட்டை வெளியே எடுக்கவேயில்லை.

ஆபீஸ் திரும்பினார். புகாரை முடிக்குமுன், கொடுத்தவருக்குத் திருப்திதானா என்று போனில் கேட்டாக வேண்டும். முகத்தைக் காட்டத் தைரியமில்லாத அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் எண்ணை அழுத்தினார்.

போனை எடுத்த பக்கம் ஒரே பேச்சுச் சத்தம். டம்ளர் சத்தம். நடுவில் மருதாளின் சிரிப்பு.

"நகராட்சியிலிருந்து பேசறேன். உங்க புகார்..."

"ரொம்பத் திருப்திங்க சார்." சென்னியப்பனின் குரல் தணிந்தது. "சம்சாரம் போனப்புறம் இன்னிக்குத்தானுங்க ஊட்டுக்குள்ள நாலு பேரு சத்தம் கேக்குது. பேர மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."