பெஞ்சு மேல் மூன்று பேர்

பள்ளிக்கூட வராந்தாச் சுவரில் ஒரு பளிங்குக் கல் பதித்திருந்தார்கள். போரில் உயிர்விட்ட மூன்று பழைய மாணவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அதன் எதிரே ஒரு பழைய பெஞ்சு கிடந்தது.

"வருஷா வருஷம் இவர்களுக்காகப் பள்ளிக்கூடமே ஒரு நிமிஷம் பேசாமல் நிற்கிறது," என்றது கல், பெருமையாக.

பெஞ்சுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மணிவாசகம், சவரிமுத்து, பொன்னையா, இந்த மூணு பேருக்கா? என் மேல உட்கார்ந்துதான் படிச்சாங்க. ஒரு நிமிஷம் வாயை மூடினதில்லை. 'ஏறுங்கடா பெஞ்சு மேல'ன்னு வாத்தியார் கத்துவார். ஏறி நின்னும் பேசுவாங்க."

"மரியாதையாகப் பேசு. அவர்கள் வீரர்கள்."

"நான் இல்லைன்னா சொன்னேன்? பிரம்புக்கே பயப்படாத பசங்க," என்றது பெஞ்சு. பிறகு மெதுவாகச் சொன்னது: "அவங்க போனதுக்கப்புறம் என் மேல அப்படி யாரும் ஏறி நிக்கலை."

மறுநாள் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். கல்லைப் பத்திரமாகக் கழற்றினார். எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

கல்லுக்கு ஒரே கூச்சம்.

பெஞ்சு பெயர்களிடம் கேட்டது: "வந்துட்டீங்களாடா? இன்னைக்கு என்ன பேசி மாட்டிக்கிட்டீங்க?"