மார்ச் மாதத்து ஸ்லைடு

செவிலியர் கல்லூரியின் உடற்கூறு ஆய்வகத்தில் மத்தியான வெயில் மேசைவரை நீண்டு கிடக்கிறது. பாடம் முடிந்து, மார்புக்கூடு திறந்தபடி ஒரு பிளாஸ்டிக் உடல் நிற்கிறது. கழற்றிய நுரையீரலும் கல்லீரலும் பக்கத்தில் கிடக்கின்றன. இங்கே பாடம் நடத்திய என் மனைவி இறந்து இருபது நாள் ஆகிறது. அவள் மேசையைக் காலி செய்ய வந்திருக்கிறேன். இழுப்பறையின் அடியில் ஒரு கண்ணாடி ஸ்லைடு இருக்கிறது. அதில் அவள் கையெழுத்தில் அவள் பெயர், 'இடது மார்பு', மார்ச் மாதத் தேதி. கட்டி இருப்பதாக அவள் என்னிடம் சொன்னது நவம்பரில். ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துக் குனிகிறேன். இளஞ்சிவப்பில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்கருவும் கருநீலமாக வீங்கி, செல்லின் ஓரத்தை முட்டுகிறது. இது நல்லதில்லை என்று எனக்கே தெரிகிறது.

“அதைப் பார்க்காதீங்க தம்பி,” என்கிறார் பக்கத்து மேசை ஆசிரியை, அவளுடைய தோழி. குரலில் ஆச்சரியமே இல்லை.

“உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். உங்க புரமோஷன் பரீட்சை முடியட்டும்னு சொன்னா. ‘ஃபெயிலானா என் தலையிலதான் பழியைப் போடுவார்’னு சிரிச்சா.”

“பரீட்சை ஜூன்லயே முடிஞ்சுதே.”

அவர் கல்லீரலை எடுத்துத் துணியால் துடைக்கிறார். அதில் தூசி இல்லை.

“வேற யாருக்குத் தெரியும்?”

“உங்க மாமியாருக்கு.”

கதவருகே தரை துடைத்துக்கொண்டிருக்கும் அட்டெண்டர் கையை நிறுத்துகிறார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்.