இருபத்தாறு மணி நேரம்

"நேர் விமானமே கிடையாதும்மா. ரெண்டு இடத்துல இறங்கி மாறணும். முழுசா இருபத்தாறு மணி நேரம். உன் முட்டிவலியோட எப்படி வருவே?"

"இது உன் யோசனையா, உன் பொண்டாட்டி யோசனையா?"

"அவளும்தான் சொல்றா, அத்தை எதுக்கு அலையணும்னு."

மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்ன அந்தப் பதில், முறிந்த ஊசி மாதிரி தையல்காரம்மாவின் மனசில் தங்கிவிட்டது. இன்றைக்கு அது மறுபடி குத்தியது.

சீருடைப் பாவாடையின் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்த விமானப் பணிப்பெண் கண்ணாடி முன் நின்று சிரித்தாள். "அந்த ஊருக்கா ஆன்ட்டி? தினமும் நேரா போகுதே! ஒன்பது மணி நேரம். சாப்பிட்டு, ஒரு படம் பாத்து, ஒரு தூக்கம் போட்டா இறங்கிடலாம்."

வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளைத் தையல்காரம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்படியானால் மீதி நேரத்தைக் கூட்டிவிட்டது யார்? மருமகளைத் தவிர வேறு யார்!

வீடியோ அழைப்பில்கூட அவள் ஒட்டியதில்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பாள். மகன் பின்னால் வந்து நின்றதும் "நல்லா இருக்கேன் அத்தை" என்று முடித்துக்கொள்வாள். போன வாரம் போட்டிருந்தது, கல்யாணத்துக்கு இவள் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த பச்சைச் சட்டை. தோள் இரண்டும் தொளதொளவென்று தொங்கின.

'என் தையலையே பிரிச்சு மாத்தியிருக்கா. எவ்வளவு கொழுப்பு!'

யாருக்கும் சொல்லாமல் டிக்கெட் எடுத்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்தாள். மகன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அழைப்புமணியை அழுத்தினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. அதே பச்சைச் சட்டை.

"அத்தை! நீங்களா?" மருமகளின் பார்வை இவளைத் தாண்டி மாடிப்படியைத் துழாவியது. "அவர் உங்ககூட வரலையே?"

"ஏன், அவன் வந்தாத்தான் உள்ளே விடுவியா? ஒன்பது மணி நேரத்தை இருபத்தாறாக்கின கெட்டிக்காரி நீதானே?"

"ஒன்பதா?" மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டயும் இருபத்தாறுன்னுதான் சொன்னார் அத்தை. என்னைக் கூட்டிட்டு வந்தப்பவும் ரெண்டு இடத்துல மாறித்தான் வந்தோம். உங்களால வரவே முடியாதுன்னு. என் போனும் அவர்கிட்டதான் இருக்கு."

தையல்காரம்மாவின் கை தன்னையறியாமல் அவள் தோளுக்குப் போனது. ஒரு தையல்கூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாம் இவள் போட்டபடியே இருந்தது. உள்ளே இருந்த உடம்புதான் பாதியாகியிருந்தது.

மருமகள் அந்தக் கையை இறுகப் பிடித்தாள். வீடியோவில் எத்தனையோ தடவை பாதியில் நின்ற பேச்சு இப்போது முழுசாக வந்தது.

"திரும்பிப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க அத்தை."