ஒரு சொட்டு மஞ்சள்

"எவன் பார்த்த வேலை இது?"

தலைவர் போட்ட சத்தத்தில் மாதிரி ரயில் சங்கத்தின் கூடமே கிடுகிடுத்தது. விடிந்தால் கண்காட்சி. மேஜை முழுக்க ஓடிய குட்டித் தண்டவாளத்தில், நீராவி எஞ்சின் காலத்து ரயில் பெட்டிகள் வரிசையாக நின்றன.

கண் ஆபரேஷன் முடிந்து இன்றுதான் அவர் சங்கத்துக்கு வந்திருக்கிறார். கூடவே சொட்டு மருந்துடன் மனைவி.

"அந்தக் காலத்துப் பெட்டிக்கு மேல்பாதி க்ரீம் கலர்யா! பாலாடை மாதிரி இருக்கணும். இது என்ன, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கு? அதுல நீலம் வேற! பார்க்க வர்றவன் காறித் துப்ப மாட்டான்?"

பொருளாளர் தன் சட்டைப் பட்டனை மும்முரமாக ஆராய்ந்தார்.

"எனக்குத் தெரியும், இது என் மச்சான் வேலை! சங்கத்தை விட்டுத் துரத்தினேன்ல, அந்த வயித்தெரிச்சல்! திருட்டுத்தனமா உள்ள வந்து எல்லாத்துலயும் வெள்ளையைப் பூசிட்டுப் போயிருக்கான்."

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சங்கத்தில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தவன். "மாமா, இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் விடணும்" என்று ஒற்றைக்காலில் நின்றான். "எனக்கே கலர் சொல்லித் தர்றியா?" என்று இவர் பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தார். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. அக்கா வீட்டு வாசலைக்கூட அவன் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு.

"அவன் மட்டும் இப்ப என் கையில கிடைச்சான்..."

"அவர் இந்தப் பக்கமே வரலைங்க தலைவரே," என்று முனகினார் செயலாளர். "இது ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க சொன்ன கலவைதான்."

"என்னய்யா உளர்றீங்க?"

"வெள்ளையை ஊத்தச் சொன்னீங்க. அப்பவும் மஞ்சளா இருக்குன்னு நீலம் விடச் சொன்னீங்க. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, 'இதுதான்யா அசல்'னு நீங்கதான் சொன்னீங்க."

தலைவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"புரை முத்தினா வெள்ளைகூட மஞ்சளாத் தெரியும்னு டாக்டர் சொன்னாரேங்க," என்றாள் மனைவி.

கோபம் போக்கிடம் இல்லாமல் மற்றவர்கள் மேல் பாய்ந்தது.

"எனக்குத்தான் கண் தெரியலை. உங்களுக்கு என்ன கேடு? ஆஹா, பிரமாதம்னு தலையாட்டினீங்களே!"

"வாயைத் திறந்த உங்க மச்சான் பட்ட பாட்டைப் பார்த்தோமே தலைவரே..."

தலைவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இத்தனை பேரில் நல்லது நினைத்தது பெண்டாட்டி ஒருத்திதான் என்று தோன்றியது.

"நீ மட்டும் நச்சரிச்சு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போகலைன்னா, இன்னும் குருடனாத்தான் கத்திக்கிட்டிருப்பேன். உனக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ!"

"எனக்கு என்னங்க தெரியும்? 'மாமாவுக்குக் கலர் தப்பவே தப்பாது அக்கா, கண்ணுலதான் ஏதோ கோளாறு. உடனே டாக்டர்கிட்ட காட்டு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே, வீம்புக்கே வர மாட்டார்'னு, நீங்க துரத்தின அன்னிக்கே எனக்குப் போன் பண்ணினது உங்க மச்சான்தான்."