முழுக்கைச் சட்டை

எங்கள் போன்ஸே ஊரில் கரண்ட் போனால் நான் முதலில் ஓடுவது கூடத்திலிருக்கும் கடல்நீர்த் தொட்டிக்குத்தான். பம்பு நின்று தண்ணீர் அசையாவிட்டால் அதில் வளரும் கல்பவளங்கள் மூச்சடைத்துச் செத்துவிடும். போன வருஷம் இறந்த என் கணவர் எலியேசர், முழுக்கைச் சட்டையை மடிக்காமலே கையை விட்டுக் கலக்குவார். நான் கத்துவேன்.

இன்று மதியமும் கரண்ட் போனது. கலக்கிக் கலக்கித் தோள்பட்டை விட்டுப்போனது.

"கையை எடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார் நெரெய்தா.

"எடுத்தா உங்கண்ணன் வளர்த்ததெல்லாம் செத்துடும்டி!"

"எடுத்துத்தான் பாருங்களேன்."

எடுத்தேன். தண்ணீர் சுழன்றுகொண்டே இருந்தது.

துண்டெடுக்க அலமாரியைத் திறந்தேன். அவருடைய சட்டையின் வலது கை முழங்கைவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பவும் மடிக்கலையா?" என்று திட்டினேன்.

கரண்ட் இன்னும் வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, திரும்ப அலமாரியில் மாட்டினேன்.