அவரவர் வேலை

தென்கொரியாவில், குன்சான் நகரத்தில் எங்கள் முதியோர் ஆஸ்பத்திரிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து சோதனைக்கு வந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மல்சூக் என் மானத்தை வாங்கினார்.

நான் தலைமை நர்ஸ். அன்று வார்டில் நர்ஸ் என்று இருந்ததும் நான் ஒருத்திதான். மல்சூக் அக்கா வார்டு உதவியாளர், என்னைவிட வயதில் மூத்தவர்.

அதிகாரிகளோடு நான் வார்டுக்குள் நுழைந்தபோது, பெக் தாத்தாவுக்கு ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸை மல்சூக் தன் கையாலேயே நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அதை யார் உங்களைத் தொடச் சொன்னது?"

"கை வீங்கிப்போச்சு சிஸ்டர். தாத்தா வலியில துடிச்சார்."

"நிறுத்துறது நர்ஸ் வேலை. என்னைக் கூப்பிடுறதுதான் உங்க வேலை."

"தப்புதான் சிஸ்டர்."

அதோடு விட்டிருக்கலாம். அதிகாரி அம்மா தலையாட்டியதைப் பார்த்ததும் எனக்குக் குரல் தன்னால் ஏறியது.

"இன்னைக்கு டிரிப்ஸ், நாளைக்கு ஊசி, அப்புறம் ஆபரேஷனா? அவங்கவங்க எல்லை தெரிஞ்சு வேலை பார்க்கணும். முடியலைன்னா வீட்டுல உட்கார்ந்து கிம்ச்சி ஊறுகாய் போடுங்க."

பெக் தாத்தா மீன்பிடிப் படகில் கேப்டனாக இருந்தவர். "ஏம்மா, முதல்ல என் கையைப் பாரு. அப்புறம் நிதானமாத் திட்டலாம்" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் கையைப் பார்த்தேன். பன் மாதிரி உப்பியிருந்தது. அவசரமாக ஊசியை உருவினேன்.

"நல்ல கண்டிப்பான மேற்பார்வை" என்று அதிகாரி அம்மா பாராட்டினார். நான் அடக்கமாகக் குனிந்து வணங்கினேன். அந்த அடக்கத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவர்கள் கிளம்பிப் போனதும் மல்சூக்கைத் தனியே கூப்பிட்டேன். பெருந்தன்மையாக மன்னித்துவிடுவதாக உத்தேசம்.

"சரி விடுங்கக்கா, மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லையா?"

"கூப்பிடத்தான் வந்தேன் சிஸ்டர்."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க டாக்டர் ரூம்ல, லீவுல இருக்கிற டாக்டரோட நாற்காலியில உட்கார்ந்து, அவர் பேர்ல மருந்து எழுதிட்டு இருந்தீங்க. அதிகாரிங்க அந்தப் பக்கமா வந்துட்டு இருந்தாங்க. அதான், சத்தமில்லாம கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."